வெள்ளைக்கரட்டுச் சுவர்

2 நவம்பர் 2024, சனி

தீபாவளிக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. துவைத்த துணி காயவில்லை. என் வீட்டுக்காரர் ஒரே வேட்டியை மூன்றாவது நாளாக இஸ்திரிப் பெட்டி வைத்து உலர்த்திக்கொண்டிருக்கிறார். நான் முடித்துக் கொடுக்க வேண்டிய இரண்டு வீட்டு வரைபடங்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன.

பதினோரு மணிக்கு ஒரு போன். மௌனிகா என்ற பெண். தாராபுரத்தை அடுத்த ஒரு பேரூராட்சியில் உதவிப் பொறியாளராம்.

"மேடம், வெள்ளைக்கரட்டுத் தண்ணித் தொட்டி நீங்க நின்னு கட்டுனதுன்னு பழைய ஃபைல்ல பாத்தேனுங்க. அதுக்குக் கீழ இருக்குற தாங்குசுவரு வயிறு தள்ளியிருக்குங்க. ஒருக்கா வந்து பாக்க முடியுங்களா?"

படம் அனுப்பினாள். சுவரின் தென்முனை. மழைத்தண்ணீர் வழிந்த கறை, நடுவில் கர்ப்பிணி வயிறு போல ஒரு புடைப்பு.

தென்முனை என்று பார்த்ததுமே ஒரு பெயர் ஞாபகம் வந்தது. இங்கே எழுதப் பிடிக்கவில்லை. திங்கள் போகிறேன்.

3 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. தொட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1995. எனக்கு இருபத்து நான்கு வயது. முதல் வேலை. காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, கரட்டுக் குன்றின் மேல் இருந்த தகரக் கொட்டகைக்கு மூச்சிரைக்க ஏறுவேன். ஆடிக் காற்றில் வரைபடத்தை விரித்தால் நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். என் அம்மா பாவாத்தாள் அந்த வயதில் கொடுமுடிப் பக்கம் கரும்புக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் மகள் காலில் ஷூ போட்டுக்கொண்டு காங்கிரீட்டை அளக்கிறாள் என்பதில் எனக்கு அப்போது ஒரு மிதப்பு இருந்தது. இருந்தது என்று ஒத்துக்கொள்வதில் என்ன?

தொட்டியில் முதல்முறை தண்ணீர் நிரப்பி ஏழு நாள் சோதனை. தினமும் காலையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே தொட்டியைச் சுற்றி வருவோம், எங்காவது ஈரம் இருக்கிறதா என்று. மூன்றாம் நாள் ஒரு இணைப்பில் கையகல ஈரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். வஹீது மேஸ்திரிதான், "ரெண்டு நாளு பொறுங்கம்மா, அதுவே மூடிக்கும்" என்றார். ஆறாம் நாள் அந்த இடம் காய்ந்து வெள்ளையாக ஒரு கோடு மட்டும் நின்றது. அன்று சித்தாள் பெண்கள் எல்லாருக்கும் அவர்தான் டீ வாங்கித் தந்தார்.

பெயரை எழுதிவிட்டேன். அப்துல் வஹீது. கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர்.

4 நவம்பர், திங்கள்

போய்ப் பார்த்தேன்.

தொட்டி பாறைமேல் நிற்கிறது, அதற்கு ஒன்றுமில்லை. அதைச் சுற்றி நிரப்பிய மண்ணைத்தான் சுவர் தாங்குகிறது. அறுபது மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் உயரம், கருங்கல் கட்டு. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். தென்முனையில் பதினோரு சென்டிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது. அதற்கு நேர் கீழே பத்தொன்பது வீடுகள்.

தண்ணீர் வடியச் சுவரில் நாங்கள் வைத்த துளைகள் எங்கே என்று தேடினேன். ஒன்றைக்கூடக் காணோம். எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ சுவர் முழுக்கச் சிமெண்டு பூசி, மயிலும் குளமும் வரைந்து, 'மழைநீர் சேமிப்போம்' என்று எழுதியிருக்கிறார்கள். துளைகள் எல்லாம் பூச்சுக்குள். மேலே தொட்டியின் உபரிநீர்க் குழாய் வேறு உடைந்து மண்ணுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நாளாகவோ.

மௌனிகாவிடம் மூன்று சொன்னேன். தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதே. அந்தப் பத்தொன்பது வீட்டு ஜனங்களை வேறு இடத்துக்கு மாற்று. அதன் பிறகு பூச்சை உடைத்துத் துளைகளைத் திறக்கலாம்.

நாலாவதாக ஒன்றும் சொன்னேன். "சுவருக்குப் பின்னால தண்ணி வடியறதுக்கு ஜல்லி அடுக்கணும். தென்முனையில மட்டும் அது இல்ல. அன்னைக்கு இருந்த மேஸ்திரி ஏமாத்திப்போட்டார். எனக்குத் தெரியும்."

அவள் குறித்துக்கொண்டாள்.

6 நவம்பர்

பாதித் தொட்டிதான் என்பதால் ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். மௌனிகாவுக்கு எல்லாப் பக்கமிருந்தும் திட்டு. "செவுரு விழுமான்னு மட்டும் உறுதியாச் சொல்லுங்க மேடம், மத்தத நான் பாத்துக்கறேன்" என்கிறாள். விழும் என்றும் சொல்ல முடியாது, விழாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் அந்த வீடுகளில் என் பிள்ளையைப் படுக்கவைக்க மாட்டேன் என்று சொன்னேன். அது போதும் என்றாள்.

8 நவம்பர், வெள்ளி

மறுபடி வெள்ளைக்கரடு. ஜனங்கள் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று மௌனிகா கூப்பிட்டிருந்தாள். ஆடு, கோழி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். கல்யாண மண்டபத்தில் எத்தனை நாள் கிடப்பது?

ஒரு வயதான பெண் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"இஞ்சினீரம்மா தானுங்களே? நாஞ் சென்னியம்மா. இந்தச் செவுத்துக்குக் கல்லுச் சுமந்தவ."

அடையாளமே தெரியவில்லை. அப்போது முப்பத்தைந்து இருக்கும். தலையில் இரண்டு சட்டியை அடுக்கிக்கொண்டு சாரத்தில் பாட்டு முணுமுணுத்தபடி ஏறுவாள். வேலை முடிந்த பிறகு இங்கேயே மனை கொடுத்தார்களாம். தான் சுமந்த சுவருக்குக் கீழேயே முப்பது வருடமாகக் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். பழைய ஆட்களை ஒவ்வொருவராகச் சொன்னாள், யார் இருக்கிறார்கள், யார் இல்லை. காண்ட்ராக்டர் வரதராஜுலு போய்ப் பத்து வருடம் ஆகிறது, அது எனக்கும் தெரியும்.

"ஏனுங்கக்கா, உங்க சனம் நீங்க சொன்னாக் கேப்பாங்களா?" என்றேன்.

"நீங்க பயந்து சொல்றீங்களா, பாத்துச் சொல்றீங்களா?"

"பாத்துத்தானுங்க."

எழுந்து கோழிக்கூடையை எடுத்தாள். அவள் கிளம்பியதும் மற்றவர்களும் கிளம்பினார்கள். மாலை ஆறு மணிக்குப் பத்தொன்பது வீடும் பூட்டியாயிற்று.

10 நவம்பர், ஞாயிறு

இன்று பூச்சை உடைத்தோம். புடைப்பு இல்லாத ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு துளையாக. முதல் நான்கில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தென்முனைக்கு வந்து முதல் துளையின் பூச்சை உளியால் தட்டியதும் தண்ணீர் கை கனத்துக்குப் பீறிட்டது. தட்டியவர் நனைந்துபோய்ச் சிரித்தார். பத்து நிமிடம் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். அடுத்த துளை, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. சாயந்தரத்துக்குள் வேகம் குறைந்துவிட்டது.

எனக்கு ஒன்று புரியவில்லை. வெறும் மண்ணாக இருந்தால் தண்ணீர் இப்படி ஓடி வராது. நாள்கணக்கில் கசியும், கலங்கலாகவே கசியும்.

12 நவம்பர், செவ்வாய்

வடிந்துவிட்டதால் மேலே சுவருக்குப் பின்புறம் ஒரு குழி தோண்டச் சொன்னேன். ஜல்லி இல்லை என்று என் கண்ணால் பார்த்து அறிக்கையில் எழுதுவதற்காக.

இரண்டடியில் கடப்பாரை கல்லில் பட்டது. நானே குழிக்குள் இறங்கினேன்.

ஜல்லி இருந்தது. கொட்டிய ஜல்லி அல்ல, கையால் அடுக்கியது. சுவரை ஒட்டிப் பெரிய கல், அடுத்துச் சின்னது, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் பருமணல். வரைபடத்தில் மணல் கிடையாது. மண் உள்ளே போய் அடைத்துவிடக் கூடாது என்று வஹீது மேஸ்திரி அவராகவே போட்டிருக்கிறார். ஒரு கல்லை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். சிவப்பு ஓடிய கல். எங்கள் சைட்டில் இருந்தது எல்லாம் நீலக் கல். கரட்டுக்கு அந்தப் பக்கக் குவாரியில்தான் செவலைக் கல்.

மண்டபத்திலிருந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த சென்னியம்மாள் குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அது நாங்க அடுக்குனதுங்க. நானும் இன்னும் மூணு பேரும். ஞாயித்துக்கெழம பூரா. மேஸ்திரி பக்கத்துலயே குந்தி ஒவ்வொரு கல்லா வெக்கச் சொன்னாரு."

"அக்கா, அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல நீங்க?"

"எங்கள யாருங்க கேட்டாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. தழையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

13 நவம்பர்

எழுதிவிடுகிறேன்.

அந்தச் சுவர் கட்டும்போது மூன்று நாள் லீவில் போயிருந்தேன். இவர் வீட்டார் என்னைப் பெண்பார்க்க வந்த நாட்கள். அப்பா சாமுவேல் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். நான் தாராபுரம் பஸ்ஸில் திரும்பி வந்தபோது மனசெல்லாம் வேறெங்கோ இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அமராவதிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று.

வந்து பார்த்தால் தென்முனையில் மண் நிரப்பி இறுக்கியாகிவிட்டது. கொட்டகைப் பக்கம் ஜல்லிக் குவியல் நான் விட்டுப்போனபடியே கிடந்தது. கேட்டேன்.

"நம்ம குவியல்ல மண்ணு சாஸ்திங்கம்மா. நாளடைவுல அடைச்சுக்கும். அந்தப் பக்கத்துக் குவாரியிலிருந்து செவலக் கல்லு ரெண்டு லோடு எறக்கி அடுக்கிட்டேன்" என்றார் வஹீது மேஸ்திரி.

லோடு வந்ததற்குப் பதிவேட்டில் வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறவர் வரவில்லை. வரதராஜுலு, "எழுதிப் போடும்மா, நாளைக்கு ஒண்ணுன்னா உன் தலைதான் போகும்" என்றார். எழுதினேன். 'தென்முனையில் வடிகால் ஜல்லி இடாமல் மேஸ்திரி மண் நிரப்பியுள்ளார்.' கையெழுத்து, தேதி.

மேஸ்திரி ஒன்றுதான் சொன்னார். "தோண்டிப் பாருங்கம்மா. அரை நாள் வேலை."

அரை நாள். வரதராஜுலு வேலை தள்ளிப்போகும் என்றார், ரெண்டு துளை கூட வெச்சாப் போதும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை மேஸ்திரி கரணையையும் மட்டப்பலகையையும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரட்டிலிருந்து இறங்கிப் போனார். கோயமுத்தூரில் அதற்குப் பிறகு யாரும் அவருக்குக் கட்டிட வேலை தரவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுச் சும்மா இருந்தேன். அடுத்த சைட்டுக்கு என்னை முழுப் பொறுப்பாகப் போட்டார்கள்.

ஜல்லி இல்லேன்னு நெசமா நம்பியிருந்தா நான் என்ன பண்ணியிருக்கணும்? தோண்டி எடுத்து மறுபடி அடுக்கச் சொல்லியிருக்கணும். சொன்னேனா? இல்லையே. அப்போ, நம்புனேனா, இல்ல என் தலை தப்புனாப் போதும்னு எழுதிப்போட்டேனா? கூலிக்காரி மகதானே நானு. அந்த நாலு பொம்பளைங்கள ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே எனக்கு. முப்பது வருசம் கழிச்சு அந்தப் பொண்ணு மௌனிகாகிட்ட மறுபடி அதே பொய்ய, எனக்குத் தெரியும்னு —

போதும்.

14 நவம்பர்

இவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே முழுதும் கேட்டார். "உயிரோட இருக்காராமா?" என்றார்.

தெரியாது. முப்பது வருடத்தில் அதைக்கூட விசாரிக்கவில்லை.

20 நவம்பர்

கோட்டைமேட்டில் மூன்று தெரு அலைந்தேன். ஒரு இரும்புக் கடையில் விவரம் கிடைத்தது. இருக்கிறார். மகள் சித்திகாவோடு குனியமுத்தூரில்.

24 நவம்பர், ஞாயிறு

போனேன். முதல் மாடியில் சின்ன வீடு. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயது. முடி முழுக்க நரைத்து, முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். வாசலில் நின்ற என்னைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இன்ஜினியரம்மா" என்றார். "உள்ள வாங்க."

வழியெல்லாம் பேச வைத்திருந்தது எதுவும் வரவில்லை. சுவர் புடைத்தது, பூச்சை உடைத்தது, குழி தோண்டியது என்று வரிசையாக ஒப்பித்தேன். அவர் குறுக்கே ஒன்று கேட்டார்.

"தண்ணி தெளிஞ்சு வந்துச்சுங்களா, கலங்கலாவா?"

"பத்து நிமிசம் கலங்கல். அப்புறம் தெளிவு."

தலையசைத்தார். "மணலு நின்னுருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"நான் எழுதினது தப்புங்க மேஸ்திரி. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்."

"எழுதுனது சரிம்மா. கண்ணுல படாதத ஒரு இன்ஜினியர் எப்படி இருக்குதுன்னு எழுதுவாங்க? ஆனா தோண்டச் சொன்னேனில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு உங்க மொகத்தையே பாத்துட்டு நின்னேன்."



அதுவரை கதவருகே நின்றிருந்த சித்திகா பேசினாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் விடவில்லை.

"அத்தா பதினோரு வருசம் பாலக்காட்டுல கெடந்தாருங்க. மாசத்துக்கு ஒருக்காத்தான் ஊட்டுக்கு வருவாரு. அம்மா முடியாமக் கெடந்தப்பவும் அங்கதான். ஏமாத்துற மேஸ்திரி பொண்ணுன்னு எனக்கு வந்த ரெண்டு எடம் தட்டிப்போச்சு. நீங்க இப்ப வந்து சொல்லிட்டீங்க, நல்லது. அதுக்கு நாங்க என்னங்க பண்றது?"

"சித்திகா" என்றார் அவர்.

"இல்லீங்கத்தா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல."

தப்பாகச் சொல்லவில்லைதான். எழுந்தேன். பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டேன்.

2 டிசம்பர், திங்கள்

அறிக்கை முடிந்தது. உபரிநீர்க் குழாயை மாற்றியாயிற்று. துளைகள் திறந்தே இருக்கின்றன. புடைத்த பகுதியை மட்டும் பிரித்து, பின்னாலுள்ள வடிகால் கல்லைக் கலைக்காமல் மறுபடி கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

நான்காம் பக்கத்தில் இதைச் சேர்த்தேன்: 'தென்முனை வடிகால் அடுக்கை 1995இல் அமைத்தவர் மேஸ்திரி அப்துல் வஹீது. அடுக்கியவர்கள் சென்னியம்மாளும் மூன்று பெண் தொழிலாளர்களும். இது வரைபடத்தில் இருந்ததைவிட மேலான அமைப்பு. இது இல்லாதிருந்தால் சுவர் முன்பே விழுந்திருக்கும். வடிகால் ஜல்லி இடப்படவில்லை என்று அன்று பதிவேட்டில் நான் எழுதியது தவறு. சோதிக்காமல் எழுதினேன்.'

மௌனிகா படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "மேடம், டெக்னிக்கல் ரிப்போர்ட்ல இது வேணுங்களா? உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"வேணுங்க. மொதல் தடவ உங்ககிட்ட நான் வாயால சொன்னதையும் அடிச்சுப்போடுங்க."

ஒரு நகலைக் குனியமுத்தூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

21 டிசம்பர்

பிரித்துக் கட்டி முடித்தாயிற்று. கட்டிய பிறகு ஒரு வாரமாகத் தூக்குக்குண்டு அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. ஜனங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு திரும்பிவிட்டார்கள். ஒன்றிரண்டு வீட்டில் நட்சத்திரம் கட்டியிருந்தது. நான்காம் பக்கத்தைச் சென்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெயர் வரும் வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "மத்த மூணு பேர்த்துக்கும் பேரு இருக்குதுங்களே" என்றாள். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ராமாத்தாள், பழனாத்தாள், மேரி.

திருத்திய பக்கத்தை மௌனிகாவுக்கு அனுப்பியாயிற்று.

14 ஜனவரி 2025

பொங்கல். மகள் இனியா வந்திருக்கிறாள். வீடு நிறைந்திருக்கிறது. குனியமுத்தூரிலிருந்து ஒன்றுமில்லை. எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

29 ஜனவரி

வேலை. மூட்டு வலி. மழை ஓய்ந்து வெயில் ஏறுகிறது.

7 பிப்ரவரி, வெள்ளி

சாயந்தரம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"சித்திகா பேசறேனுங்க." நேரே விஷயத்துக்கு வந்தாள். "என் மக ஆஃப்ரினுக்கு ஊடு கட்டறோம். பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம். களிமண் பூமி. அஸ்திவாரத்துக்குத் தோண்டியாச்சு. இன்ஜினியரம்மா எறங்கிப் பாக்காம காங்கிரீட் போடக் கூடாதுன்னு அத்தா புடிவாதமா உக்காந்திருக்காரு."

"நாளைக்கே வாரேன்."

"ஏழு மணிக்கெல்லாம் வந்தீங்கன்னா வெயிலுக்கு முன்னாடி முடிச்சுப்போடலாங்க."

8 பிப்ரவரி, சனி

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருந்தார்கள். குழிகளைக் கையால் காட்டினார். ஒவ்வொன்றிலும் இறங்கிக் கம்பியால் குத்திப் பார்த்தேன். வடகிழக்கில், ஈசானி மூலைக் குழியில் மட்டும் கறுப்புக் களி இன்னும் விடவில்லை. கம்பி சர்ரென்று இறங்கியது.

"இது இன்னும் ஒன்றரை அடி போகணும்" என்றேன்.

இப்போதைய மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. அஞ்சடியே போதுமென்றார், பக்கத்து ஊடெல்லாம் நாலடிதான் என்றார்.

வஹீது மேஸ்திரி குழிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா பாத்துட்டுத்தான் சொல்றாங்க. எறக்குங்க."

இறக்கினார்கள். ஒன்றேகால் அடியில் கெட்டி மண் வந்தது. நான் சேறோடு மேலே ஏறியபோது, கை கழுவச் சித்திகா சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். வியாழக்கிழமை காங்கிரீட், காலையிலேயே வந்துவிடுங்கள், மத்தியானச் சாப்பாடு இங்கேதான் என்றாள்.